மேடவாக்கம் போர்வெல் தண்ணீருக்கு வீட்டிலேயே ஆர்.ஓ. மாட்டப் போகிறேன், எங்கே ஆரம்பிப்பது?

மேடவாக்கவாசி | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். சென்னை மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி, அதுவே கடைசி மாடி. நான், மனைவி, அம்மா, ஒன்பது மாதப் பையன். குளிக்கத் துவைக்க போர் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர், நாளுக்கு ஒன்று. மாடி ஏறி வர வேண்டும் என்பதால் ஒரு கேனுக்கு 45 ரூபாய். போன வாரம் ஒரு கேனைக் கவிழ்த்தபோது கழுத்துக்கு உள்பக்கம் விரலில் வழுக்கும் அளவுக்குப் பாசி. பையனுக்கு அந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு விற்பனைப் பிரதிநிதி வீட்டுக்கு வந்தார். இரண்டு டம்ளர் தண்ணீரில் கம்பிகள் தொங்கும் ஒரு கருவியை வைத்து பிளக்கைச் செருகினார். எங்கள் தண்ணீர் ஒரு நிமிடத்தில் சாக்கடை மாதிரி பழுப்பாகிவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே இருந்தது. அம்மா பயந்துபோனார். உப்பைச் சவ்வில் நிறுத்தித் தண்ணீரைச் சுத்தமாக்கும் ஆர்.ஓ. மெஷினுக்கு 22,000 ரூபாய் விலை சொன்னார். எனக்குக் கையில் கொஞ்சம் வேலை தெரியும், பாகங்களை வாங்கி நானே மாட்டலாமா? எதிலிருந்து தொடங்க வேண்டும்?

குழாய்க்காரர் | திங்கள், இரவு 10.15

தம்பி, மாட்டலாம். பிளம்பிங், எலக்ட்ரிகல் இரண்டிலும் இருபது வருஷமாக இருக்கிறேன், இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் கடைக்குப் போகும் முன் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். பக்கத்துத் தெரு போரும் உங்கள் போரும் ஒன்றாக இருக்காது. ஒரே காம்பவுண்டில் 120 அடியில் ஒரு தண்ணீர், 300 அடியில் வேறு தண்ணீர் பார்த்திருக்கிறேன். என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கினால் ஒன்று வேண்டாததை வாங்குவீர்கள், அல்லது வேண்டியதை விட்டுவிடுவீர்கள்.

வேதியியல் டீச்சர் | செவ்வாய், காலை 6.20

முதலில் அம்மாவின் பயத்தைப் போக்கிவிடுகிறேன். அந்தக் கருவியில் இருப்பது இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும். உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும், இரும்பு கரையும், துரு வரும். நீங்கள் பார்த்த பழுப்பு கம்பியிலிருந்து வந்தது, தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. அவர் கொண்டுவந்த தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் ஓடவில்லை, அதனால் தெளிவாக நின்றது. அதே டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செருகச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். என் பிளஸ் டூ மாணவர்களுக்கு மின்னாற்பகுப்புப் பாடம் நடத்தும்போது இதைச் செய்து காட்டுவேன்.

டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு) மீட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. அது கரைந்த பொருளை எடை போடுவதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. கால்சியமா, சோடியமா, நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. கிருமி இருக்கிறதா என்றும் தெரியாது. ஆகவே ஆய்வகச் சோதனைதான் வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. கிண்டி கிங் நிலையத்திலும் கொடுக்கலாம். ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான கேனில் இரண்டு லிட்டர் போதும். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், பிடித்த அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அடையாறுவாசி | செவ்வாய், காலை 8.05

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீர் மட்டும்தான். மீட்டரில் 280 காட்டுகிறது. ஐந்து வருஷமாக ஆர்.ஓ. ஓடுகிறது, வெளியே வருவது 15. இது சரியா?

வேதியியல் டீச்சர் | செவ்வாய், காலை 8.30

உங்களுக்கு ஆர்.ஓ. தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500. அதில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 2000 வரை அனுமதி. உங்களுடையது 280. தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019 மே மாதம் டிடிஎஸ் 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு லிட்டர் குடிக்க மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுகிறீர்கள், அதுவும் நல்ல தண்ணீரை. 2019 கோடையில் சென்னை ஒரு குடத்துக்கு எப்படி அலைந்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரு கார்பன் ஃபில்டரும் கிருமியைக் கொல்லும் யு.வி. (புற ஊதா) விளக்கும் போதும். இல்லாவிட்டால் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள்.

இன்னொன்று: தென் சென்னைக்கு வரும் தண்ணீரில் நெம்மேலிக் கடல்நீர் ஆலையின் பங்கும் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே ஒருமுறை ஆர்.ஓ. செய்துதான் அனுப்புகிறார்கள்.

தர்மபுரிக்காரி | செவ்வாய், மதியம் 1.10

500க்குக் கீழே இருந்தால் வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள் டீச்சர். எங்கள் ஊர்ப் பிரச்சினை ஃப்ளோரைடு. என் அப்பாயிக்குக் கடைசிப் பத்து வருஷம் முட்டி மடக்க முடியவில்லை, தரையில் உட்கார்ந்து எழுந்ததே இல்லை. என் பல்லிலும் பழுப்புக் கோடு இருக்கிறது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு ஊருக்குள் நிலைமை மாறியது. ஆனால் எங்கள் வீடு தோட்டத்துக்குள்ளே இருக்கிறது, இன்னும் போர்தான். அதனால் ஆர்.ஓ. வைத்திருக்கிறோம். டிடிஎஸ் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

வேதியியல் டீச்சர் | செவ்வாய், மதியம் 1.45

நீங்கள் சொல்வதுதான் சரிம்மா, நான் மெட்ரோ தண்ணீரை மனதில் வைத்துப் பேசிவிட்டேன். ஃப்ளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், மிஞ்சிப்போனால் 1.5. கொதிக்க வைத்தாலும் அது போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், ஃப்ளோரைடு இன்னும் செறிவாகும். ஒரு கேள்வி: உங்கள் மெஷினில் டிடிஎஸ் கண்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கிறதா? அதை எவ்வளவு திறந்து வைத்திருக்கிறார்கள்?

தர்மபுரிக்காரி | செவ்வாய், மதியம் 2.00

இருக்கிறது. சர்வீஸ் செய்பவர் சுவைக்காக 350இல் வைத்திருப்பதாகச் சொன்னார். உள்ளே வருவது 900. ஏன் கேட்கிறீர்கள்?

வேதியியல் டீச்சர் | செவ்வாய், மதியம் 2.20

அந்தத் திருகு சவ்வைத் தாண்டாத பச்சைத் தண்ணீரைச் சுத்தத் தண்ணீரோடு கலக்கிறது. உங்கள் கணக்குப்படி குடிக்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு நேராகப் போரிலிருந்து வருகிறது. அதோடு ஃப்ளோரைடும் வரும். இந்த வாரமே மெஷினிலிருந்து வரும் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள், தயவுசெய்து.

மேடவாக்கவாசி | அடுத்த புதன், இரவு 8.50

சோதனை முடிவு வந்துவிட்டது. டிடிஎஸ் 1380. கடினத்தன்மை 520. குளோரைடு 430. நைட்ரேட் 62. ஃப்ளோரைடு 0.6. இரும்பு 0.2. கோலிஃபார்ம் கிருமி இருக்கிறது. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்?

வேதியியல் டீச்சர் | அடுத்த புதன், இரவு 9.30

ஃப்ளோரைடும் இரும்பும் பிரச்சினை இல்லை. கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது, 600 வரை அனுமதி. 520 உடம்பைவிட மெஷினுக்குத்தான் கெடுதல். உங்கள் பாத்ரூம் குழாயிலும் வாட்டர் ஹீட்டரிலும் படியும் அந்த வெள்ளைப் படிவம் சவ்விலும் படியும்.

எனக்குக் கவலை நைட்ரேட். வரம்பு 45, அதில் தளர்வே கிடையாது. உங்களுடையது 62, கூடவே கோலிஃபார்ம். இரண்டும் சேர்ந்து வந்தால் செப்டிக் டேங்க் கசிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பையன் ஒரு வயதுக்குள் இருக்கிறான். கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதை நைட்ரேட் கெடுக்கும். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் கூடும். அதனால் இந்தப் போர் தண்ணீரைக் காய்ச்சிக்கூட அவனுக்குக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு ஆர்.ஓ. கட்டாயம் வேண்டும், டிடிஎஸ் கண்ட்ரோலர் கட்டாயம் வேண்டாம். குடியிருப்புச் சங்கத்தில் செப்டிக் டேங்க் விஷயத்தையும் எழுப்புங்கள், மற்ற வீடுகளிலும் குழந்தைகள் இருப்பார்கள்.

குழாய்க்காரர் | வியாழன், காலை 7.00

சரி தம்பி, இப்போது தெளிவாகிவிட்டது. வாங்க வேண்டியதையும் வரிசையையும் சொல்கிறேன். வரிசை மாறினால் காசு வீண்.

சமையலறைக் குழாய்க்கு வரும் லைனில் மூன்று வழி வால்வு போட்டுக் கால் இஞ்சு டியூப் எடுங்கள். முதலில் வெளியே ஒரு பத்து இஞ்சு ஹவுசிங், அதில் 5 மைக்ரான் ஸ்பன் ஃபில்டர். மண், துரு எல்லாம் இதில் நிற்கும். அடுத்து கார்பன். இது கட்டாயம் சவ்வுக்கு முன்னால்தான் வர வேண்டும். மெட்ரோ லாரித் தண்ணீர் சம்ப்பில் கலக்கும் நாளில் குளோரின் வரும், குளோரின் பட்டால் மெம்பிரேன், அதாவது சவ்வு, பாழாகிவிடும். அது மிக மெல்லிய பாலிஅமைடு தோல். அதற்கு அடுத்து, 520 கடினத்தன்மைக்காக, சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் உருண்டை போட்ட ஒரு சின்ன கார்ட்ரிட்ஜ். பிறகு லோ பிரஷர் சுவிட்ச், மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு, பூஸ்டர் பம்ப், மெம்பிரேன். நாலு பேருக்கு 80 ஜிபிடி (நாளுக்கு 80 கேலன்) மெம்பிரேன் தாராளம். கடைசியில் 11 வாட் யு.வி., அதிலிருந்து டேங்க். டேங்கில் மிதவை சுவிட்ச் இருக்க வேண்டும், நிறைந்தால் பம்ப் தானே நிற்க.

பம்ப் எதற்கு என்று கேட்பீர்கள். உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் ஒரு சவ்வுக்கு இருபக்கம் இருந்தால், நல்ல தண்ணீர் உப்பு இருக்கும் பக்கம் போவதுதான் இயல்பு. அதை எதிர்த்து அமுக்கித் தள்ளினால்தான் இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் வரும். அதற்கு 60 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் வேண்டும். உங்கள் மொட்டைமாடி டேங்க் குழாயிலிருந்து எட்டடி உயரத்தில் இருக்கும் என்று வைத்தால் கிடைப்பது மூன்றரை பிஎஸ்ஐதான். கடைசி மாடிக்காரர்களுக்கு இதுதான் தலைவலி. லோ பிரஷர் சுவிட்ச் சில சமயம் பம்பை ஓடவே விடாது. அப்போது ஒயரை ஷார்ட் செய்து விடு என்பார்கள். செய்யாதீர்கள், மாடி டேங்க் காலியானால் பம்ப் வறண்டு ஓடிக் கருகும். 1 மைக்ரான் ஸ்பன் வாங்காதீர்கள், இருக்கும் கொஞ்சப் பிரஷரையும் அது தின்றுவிடும். கால் இஞ்சு டியூபை அரை இஞ்சுக் குழாயிலிருந்தே எடுங்கள்.

மாட்டும்போது: கார்பனைத் தனியாக ஒரு பக்கெட் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், முதலில் கறுப்பாக வரும். அது மெம்பிரேனுக்குப் போகக் கூடாது. டியூபைப் பிளேடால் நேராக வெட்டுங்கள், சரிவாக வெட்டினால் கனெக்டரில் ஒழுகும். மரைக்கு டெஃப்லான் டேப் நாலு சுற்று, மரை சுற்றும் திசையிலேயே. மெம்பிரேனில் இரண்டு சின்ன ஓ-ரிங் இருக்கும் முனைதான் உள்ளே போக வேண்டும். கட்டை விரலால் அழுத்தித் திருகினால் ஓர் இடத்தில் இறங்கி உட்காரும், கைக்குத் தெரியும். ஓ-ரிங்கில் வாசலின் தடவாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். எல்லாம் முடிந்ததும் கீழே செய்தித்தாள் விரித்து ஒரு ராத்திரி விடுங்கள். ஒரு சொட்டு ஒழுகினாலும் காலையில் பேப்பர் காட்டிக்கொடுக்கும். முதல் இரண்டு டேங்க் தண்ணீரைக் குடிக்காதீர்கள், மெம்பிரேனில் கெடாமல் இருக்கப் போட்ட மருந்து கழுவிப் போகட்டும்.

மதுரைத் தாத்தா | வியாழன், மாலை 5.30

ஆர்.ஓ. தண்ணீர் குடித்தால் எலும்பில் சத்துப் போய்விடும் என்கிறார்களே? என் பேரப்பிள்ளைகள் வீட்டிலும் இதுதான்.

வேதியியல் டீச்சர் | வியாழன், மாலை 6.15

ஐயா, கால்சியம் நமக்குப் பெரும்பாலும் பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை, சின்ன மீன் இவற்றிலிருந்து வருகிறது. தண்ணீரின் பங்கு சிறியது. ஆனால் உங்கள் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது: தாது நீங்கிய தண்ணீரில் காய்கறி வேகவைத்தால் காயில் இருப்பது தண்ணீருக்கு இறங்கும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் குழம்பிலோ ரசத்திலோ சேர்க்கச் சொல்லுங்கள். 1380 உள்ளே போனால் 90, 100தான் வெளியே வரும், அது வெறும் தண்ணீர் இல்லை. 280ஐப் 15 ஆக்குவதுதான் எனக்குப் பிடிக்காதது.

மேடவாக்கவாசி | ஞாயிறு, இரவு 10.05

மாட்டிவிட்டேன்! சுவரில் துளை போடுவதில் இருந்து எல்லாம் நானே. செலவு 6,800 ரூபாய். பேப்பர் காய்ந்தே இருந்தது. ஆனால் ஒரு சிக்கல். நல்ல தண்ணீர் நூல் மாதிரிதான் வருகிறது, வேஸ்ட் குழாயில் கொட்டோ கொட்டு என்று கொட்டுகிறது. டிடிஎஸ் 210. மெம்பிரேன் போலியோ?

குழாய்க்காரர் | ஞாயிறு, இரவு 10.20

மெம்பிரேன் மேல் பழி போடும் முன் ஓர் அளவு எடுங்கள். பிள்ளைக்கு மருந்து, பால் அளக்கும் மில்லி போட்ட டம்ளர் இருக்கும் அல்லவா? அதை நல்ல தண்ணீர் டியூபில் சரியாக ஒரு நிமிடம் பிடியுங்கள். வேஸ்ட் டியூபுக்கு ஒரு லிட்டர் பாட்டில். இரண்டையும் எழுதுங்கள். வேஸ்ட் லைனில் எஃப்ஆர் என்று விரல் நீளத்தில் ஒன்று இருக்கும், அதன் மேல் என்ன எண் என்றும் பாருங்கள்.

மேடவாக்கவாசி | ஞாயிறு, இரவு 10.45

நல்ல தண்ணீர் 70 மில்லி. வேஸ்ட் 850. எஃப்ஆர் மேல் 800 என்று இருக்கிறது.

குழாய்க்காரர் | ஞாயிறு, இரவு 10.50

அகப்பட்டுவிட்டது. எஃப்ஆர்தான் வேஸ்ட் பக்கத்தை நெருக்கி உள்ளே அழுத்தம் ஏற்றுவது. அந்த எண், நிமிடத்துக்கு எத்தனை மில்லி வேஸ்ட் விடும் என்பது. 800 பெரிய மெம்பிரேனுக்கு உரியது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். அழுத்தம் ஏறாததால் தண்ணீரும் குறைவு, உப்பும் சரியாக நிற்கவில்லை. 450 வாங்கிப் போடுங்கள், நூறு ரூபாய்க்குள் முடியும். தண்ணீர் மிச்சம் பண்ணலாம் என்று 300க்குப் போகாதீர்கள், உங்கள் கடினத்தன்மைக்கு ஆறே மாதத்தில் மெம்பிரேனில் சுண்ணாம்பு படிந்துவிடும்.

மேடவாக்கவாசி | செவ்வாய், இரவு 9.15

450 போட்டாயிற்று. நல்ல தண்ணீர் 160 மில்லி, வேஸ்ட் 460, டிடிஎஸ் 92. அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

அம்மா முதலில் செய்தது சாம்பார். அவசரத்துக்குப் போர் தண்ணீரில் வைக்கும்போது துவரம்பருப்பு ஏழு விசில் விட்டாலும் முழுசாகவே நிற்கும். இன்றைக்கு நாலு விசிலில் கரண்டியால் தொட்டதும் மசிந்தது. அம்மா குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி என்னிடம் கொண்டுவந்தே காட்டினார்.

வேதியியல் டீச்சர் | செவ்வாய், இரவு 9.40

கடின நீரில் இருக்கும் கால்சியம் பருப்பின் பெக்டினை இறுக்கிவிடும், அதனால்தான் வேகாது. இன்று அம்மாவுக்கு நல்ல அனுபவம்! பையனுக்குக் கொடுக்கும் முன் நைட்ரேட் மட்டும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மற்ற உப்புகளை நிறுத்தும் அளவுக்கு நைட்ரேட்டைச் சவ்வு நிறுத்தாது.

அடையாறுவாசி | புதன், காலை 7.30

வேஸ்ட் தண்ணீரை என்ன செய்கிறீர்கள்? மழைநீர்க் குழியில் விடலாமா?

குழாய்க்காரர் | புதன், காலை 8.10

மேடவாக்கத் தம்பி வீட்டில் நாளுக்கு இருபது லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்தால் 57 லிட்டர் வேஸ்ட். மூன்றரை பக்கெட். அதன் டிடிஎஸ் 1800ஐத் தாண்டும். ஒரு டியூபைப் பின்பக்கம் இழுத்து டிரம்மில் பிடியுங்கள். கழிவறைக்கு ஊற்ற, தரை துடைக்க, பாத்திரம் முதல் முறை அலச நல்லது. துளசி, ரோஜாவுக்கு ஊற்றினால் இலை ஓரம் கருகும். தென்னை தாங்கும். வண்டி கழுவினால் வெள்ளைப் புள்ளி விழும். மழைநீர்க் குழி வேண்டாம், நல்ல மழை இறங்கும் இடத்தில் உப்பை ஊற்றுவானேன்?

மேடவாக்கவாசி | மூன்று வாரம் கழித்து

மெஷின் தண்ணீரில் நைட்ரேட் 11, கோலிஃபார்ம் இல்லை. பையனுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டோம். சங்கத்தில் செப்டிக் டேங்கைத் திறந்து பார்த்தார்கள், போர் பக்கத்துச் சுவரில் விரிசல். பூச்சு வேலை நடக்கிறது.

குழாய்க்காரர் | மூன்று வாரம் கழித்து

மனசுக்கு நிறைவாக இருக்கிறது தம்பி. டேங்கை மாதம் ஒருமுறை கழுவுங்கள், அந்தத் தண்ணீரில் குளோரின் இல்லை, தேங்கினால் வழுவழுப்பு பிடிக்கும். ஸ்பன் பழுப்பாகிவிட்டால் தேதி பார்க்காமல் மாற்றுங்கள். கார்பனும் யு.வி. விளக்கும் வருஷம் ஒருமுறை. விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது, வெளிச்சம் இருந்தாலும் கிருமியைக் கொல்லும் சக்தி குறைந்திருக்கும். மெம்பிரேனுக்குத் தேதி இல்லை. 92 என்று எழுதி ஹவுசிங்கில் ஒட்டி வையுங்கள். உள்ளே வருவது அதே 1380ஆக இருக்கும்போது வெளியே 200ஐத் தாண்டினால் அப்போது மாற்றலாம்.

தர்மபுரிக்காரி | மூன்று வாரம் கழித்து

டீச்சர், நீங்கள் கேட்டது எங்களைக் காப்பாற்றியது. போரில் ஃப்ளோரைடு 3.6. மெஷினிலிருந்து வந்த தண்ணீரில் 1.4. சுவைக்காகத் திறந்து வைத்த அந்தத் திருகு வழியாக நாலு வருஷமாகக் குடித்திருக்கிறோம். திருகை முழுசாக மூடிவிட்டு மறுபடி கொடுத்தேன், 0.3. சர்வீஸ் செய்பவரை வரச்சொல்லி இரண்டு தாளையும் காட்டினேன். அவருக்கு இது யாரும் சொல்லித் தரவில்லை, அதிர்ந்துபோனார். எங்கள் பக்கத்தில் பதினோரு வீட்டில் இதே மாதிரி வைத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை நானும் அவரோடு போகிறேன், தாளையும் எடுத்துக்கொண்டு.